தனிவலையும் பொது உரிமமும்

பொதுத் தபாலில் செல்லும் கடிதத்துக்கு உறை எவ்வளவு இன்றியமையாததோ, பொது இணையத்தின் வழியே செல்லும் அலுவலகச் செய்திக்கு ‘மெய்நிகர்த் தனிவலை’ அவ்வளவு இன்றியமையாததாகிவிட்டது. வி.பி.என். என்னும் சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படும் இந்த ஏற்பாட்டினால், வெளியூரில் இருக்கும் ஊழியர் ஒருவர் தமது அலுவலகத்துக்குள்ளேயே அமர்ந்திருப்பதைப் போல அதன் உள்வலையைப் பயன்படுத்த இயலுகிறது. வங்கிகள், பல்கலைக் கழகங்கள், ஆராய்ச்சிக் கூடங்கள், அரசாங்க இலாகாக்கள் ஆகிய யாவும் இன்று இதனை நம்பியுள்ளன.

ஆயினும் இதில் ஒரு சிக்கல் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அலுவலகத்தின் வாயிலில் நிறுவப்பட்ட சாதனம் ஒரு கம்பெனியின் தனியுடைமையான முறையில் பேசுவதாயின், ஊழியரின் கணினியும் அதே முறையில் பேசியாக வேண்டும். அக்கணினியை இயக்குவது விண்டோஸ் போன்ற விற்பனைப் பொருளாயின், உரிய நிரலைக் கம்பெனியே தந்துவிடும். லினக்ஸ், ஃப்ரீ பி.எஸ்.டி., ஓப்பன் பி.எஸ்.டி. போன்ற திறந்த மூல இயக்க முறைமையாயின் விடை அவ்வளவு எளிதன்று. கடந்த கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவத்தை ஆராய்ந்தால், இவ்விஷயத்தில் பொறியாளரின் திறமையைக் காட்டிலும் உரிம நிபந்தனைகளே பல சமயங்களில் முடிவைத் தீர்மானித்திருப்பது புலனாகும்.

உறையும் உடன்படிக்கையும்

இணையத்தில் செய்திகள் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டே செல்கின்றன. தனிவலை முறையில், ஒவ்வொரு பொட்டலமும் முதலில் குறியாக்கம் செய்யப்படுகிறது. பின்னர் வேறொரு பொட்டலத்தினுள் இடப்பட்டு, அலுவலகத்தின் வாயிற் சாதனத்துக்கு முகவரியிட்டு அனுப்பப்படுகிறது. வழியில் எவரேனும் அதனைக் கைப்பற்றினாலும் வெளி உறையை மாத்திரமே காண்பர். வாயிற் சாதனம் உறையைப் பிரித்து, உள்ளிருக்கும் பொட்டலத்தை அலுவலக வலையில் உரிய இடத்துக்குச் சேர்க்கிறது.

இது நிகழ வேண்டுமாயின், இரு முனைகளும் பல விவரங்களில் முன்னரே உடன்பட்டிருத்தல் வேண்டும். இணைப்பை நாடுபவர் யார் என்பதை எவ்வாறு நிரூபிப்பது, குறியாக்கத்துக்கான சாவியை எவ்வாறு உண்டாக்குவது, உறையின் அமைப்பு யாது, இணைப்பு அறுந்தால் எவ்வாறு மீட்பது என்பன அவை. இந்த உடன்படிக்கையே ‘நெறிமுறை’ எனப்படுவது. இணையப் பொறியியல் பணிக்குழு என்னும் சர்வதேச அமைப்பு, ஆர்.எஃப்.சி. என வழங்கும் வரிசை எண்ணிட்ட ஏடுகளில் இத்தகைய நெறிமுறைகளைப் பிரசுரித்து வருகிறது. 1995-இல் முதன்முதலாக அவ்வாறு வெளியிடப்பட்ட ஐ.பி.ஸெக். நெறிமுறையை எவரும் படித்து, எவரும் செயற்படுத்தலாம். ஆனால் சந்தையில் விற்கப்படும் வாயிற் சாதனங்கள் பலவும் தத்தம் கம்பெனிகளுக்கு மாத்திரமே முழுதும் தெரிந்த நெறிமுறைகளைக் கையாளுகின்றன.

கம்பெனிகளின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. பொது நெறிமுறை உருவாகப் பல ஆண்டுகள் ஆகின்றன. வாடிக்கையாளர்களோ இன்றே வசதியை வேண்டுகின்றனர். ஹோட்டல்களிலும் விமான நிலையங்களிலும் உள்ள வலைகள் ஐ.பி.ஸெக். பொட்டலங்களைத் தடுத்துவிடுவதுண்டு, அவ்விடங்களிலும் ஊடுருவிச் செல்லவே, சாதாரண வலைத்தளப் போக்குவரத்தைப் போலத் தோற்றமளிக்கும் முறைகளைக் கம்பெனிகள் வகுத்தன. எனினும், அவற்றின் விவரங்களை வெளியிடாமல் வைத்துக்கொண்டதன் பலனை அனுபவித்தவர்கள் ஒரு சாராராகவும், சிரமத்தை அனுபவித்தவர்கள் வேறொரு சாராராகவும் அமைந்துவிட்டனர்.

மூன்று தடைகள்

திறந்த மூல இயக்க முறைமையில் தனியுடைமை நெறிமுறை ஒன்றைச் சேர்க்க முற்படுவோர் மூன்று தடைகளைச் சந்திக்கின்றனர். மூன்றும் தன்மையால் வேறுபட்டவை. ஆதலின் ஒன்றுக்கு உதவும் பரிகாரம் மற்றொன்றுக்கு உதவாது.

முதலாவது, ரகசியம். நெறிமுறையின் விவரம் வெளியிடப்படாததால், கம்பெனி தரும் நிரல் வலையில் அனுப்பும் செய்திகளைக் கவனித்து, அவற்றிலிருந்து உடன்படிக்கையை ஊகித்தறிய வேண்டியிருக்கிறது. இது உழைப்பையும் பொறுமையையும் வேண்டுவதாயினும் இயலாத காரியமன்று.

இரண்டாவது, காப்புரிமை. ஒரு முறை காப்புரிமை பெற்றிருக்குமாயின், அதனை ஒருவர் தம் சொந்த முயற்சியால் கண்டறிந்திருப்பினும், உரிமையாளரின் அனுமதியின்றி உபயோகிக்க இயலாது. பிரதிக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்கப்படுமாயின், எண்ணற்ற பிரதிகள் இலவசமாகப் பரவும் திறந்த மூல நிரலுக்கு அந்நிபந்தனை நடைமுறையில் மறுப்பே ஆகும்.

மூன்றாவது, பதிப்புரிமையும் அதன்வழி வரும் உரிம நிபந்தனைகளும். கருத்தை எவரும் கையாளலாம். எழுதப்பட்ட நிரலை உரிமத்தின்படியே கையாள வேண்டும். ஜி.பி.எல். எனப்படும் பொது உரிமம், தன் கீழுள்ள நிரலோடு சேர்த்து ஆக்கப்படுவதும் அதே நிபந்தனையின் கீழ் மூலத்துடன் தரப்பட வேண்டும் என்கிறது. பி.எஸ்.டி. வகை உரிமங்களோ, ஆசிரியரின் அறிவிப்பை நீக்காதிருந்தாற் போதும் என்கின்றன. லினக்ஸின் உட்கருவான கெர்னல் முதல் வகையின் கீழும், பி.எஸ்.டி. கெர்னல்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையின் கீழும் உள்ளன. இரண்டுமே சுதந்திரமானவை என்றபோதிலும், முன்னதில் எழுதிய நிரலைப் பின்னதில் அப்படியே சேர்க்க இயலாது.

பி.பி.டி.பி. தந்த பாடம்

இம்மூன்று தடைகளும் ஒருங்கே தோன்றிய முதற் பெரிய உதாரணம் பி.பி.டி.பி. என்னும் நெறிமுறையாகும். மைக்ரோஸாஃப்ட்டும் வேறு சில கம்பெனிகளும் கூடி வகுத்த இது, 1996-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. 4.0 உடன் சேர்ந்தே வந்தமையால் விரைவிற் பரவியது. 1999 ஜூலையில் ஆர்.எஃப்.சி. 2637 என்ற ஏடாக வெளியிடப்பட்டது. எனினும் அது தகவலுக்காக வெளியிடப்பட்டதே அன்றி, பொதுத் தரமாக ஏற்கப்பட்டதன்று.

வெளியுறையின் அமைப்பு இவ்வாறு தெரிந்திருந்தும், உள்ளிருந்த இரு பகுதிகள் இடர் விளைத்தன. ஒன்று, ஆர்.சி.4 என்னும் குறியாக்க முறை. 1987-இல் ரொனால்ட் ரிவெஸ்ட் என்பவர் வகுத்த இம்முறை வணிக ரகசியமாகவே காக்கப்பட்டு வந்தது. 1994-இல் பெயர் தெரியாத ஒருவர் அதன் மூலத்தை இணையத்தில் வெளியிட்டுவிட்டார். ரகசியம் நீங்கிய பின்னரும் பெயரின் மீதான வணிகச் சின்ன உரிமை எஞ்சியிருந்தமையால், திறந்த மூல நிரல்கள் பலவற்றில் அது ஏ.ஆர்.சி.4 என்றே பெயரிடப்பட்டிருக்கிறது.

மற்றொன்று, செய்தியைச் சுருக்கி அனுப்பும் எம்.பி.பி.சி. என்னும் முறை. இது காப்புரிமைக்கு உட்பட்டிருந்தது. ஆகவே லினக்ஸில் பி.பி.டி.பி. இணைப்பை வேண்டுவோர், குறியாக்கத்துக்கான திருத்தத்தைத் தனியே பெற்று, கெர்னலின் மூலநிரலில் புகுத்தி, இயங்கு நிரலைத் தாமே புதிதாக ஆக்கிக்கொள்ளும் நிலை பல ஆண்டுகள் நீடித்தது. கெர்னல் புதுப்பிக்கப்படுந்தோறும் இவ்வேலையை மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. 2006 ஜனவரியில் வெளியான 2.6.15 என்னும் கெர்னலிலேயே குறியாக்கப் பகுதி முறைப்படி இடம் பெற்றது. சுருக்கும் பகுதி அப்பொழுதும் சேர்க்கப்படவில்லை.

இவ்வளவு உழைத்துப் பெற்ற பொருளின் தரமோ வருந்தத்தக்கதாக இருந்தது. 1998-லேயே ப்ரூஸ் ஷ்னையரும், மட்ஜ் என்னும் புனைபெயர் கொண்ட ஆராய்ச்சியாளரும் மைக்ரோஸாஃப்ட்டின் பி.பி.டி.பி. அமைப்பை ஆராய்ந்து, கடவுச்சொல்லைச் சோதிக்கும் முறையிலும் சாவியை ஆக்கும் முறையிலும் கடுமையான குறைகளைச் சுட்டிக் காட்டினர். 2012-இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக், டேவிட் ஹல்டன் ஆகிய இருவரும், திருத்தப்பட்ட பதிப்பின் வலிமையும் பழைய டி.இ.எஸ். முறையின் ஒரே ஒரு சாவியைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு மேற்பட்டதன்று என நிரூபித்தனர். தனிப்பட அமைத்த யந்திரத்தைக் கொண்டு அவ்வேலையை ஒரு நாளுக்குள் முடிக்க முடிந்தது. நெறிமுறை வகுக்கப்படும்போதே வெளியாரின் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்குமாயின், இக்குறைகள் கோடிக்கணக்கான கணினிகளில் பரவுமுன்னர் வெளிப்பட்டிருக்கும் வாய்ப்பு மிகுதி.

சிஸ்கோ முறைகளும் சுதந்திர நிரல்களும்

இரண்டாவது உதாரணம் சிஸ்கோ கம்பெனியின் சாதனங்களைப் பற்றியது. பல்கலைக் கழகங்களிலும் பெரிய அலுவலகங்களிலும் இவை பரவலாக நிறுவப்பட்டிருந்தன. இவற்றின் பழைய முறை ஐ.பி.ஸெக். நெறிமுறையையே அடிப்படையாகக் கொண்டது. ஆனால் பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் சோதிப்பதற்காகச் சேர்க்கப்பட்ட பகுதி, வரைவு நிலையைத் தாண்டிப் பொதுத் தரமாக ஏற்கப்படவேயில்லை.

லினக்ஸுக்கென ஒரு நிரலைக் கம்பெனி அளித்ததுண்டு. அதன் ஒரு பகுதி கெர்னலினுள் இயங்குவது. அதில் முக்கியமான உறுப்பு மூலமின்றி இயங்கு நிரலாக மாத்திரமே தரப்பட்டது. லினக்ஸ் கெர்னலின் உள்ளமைப்பு இடையறாது மாறிக்கொண்டேயிருப்பது. வெளியிலிருந்து இணைக்கப்படும் பகுதிகளுக்காக அது காத்திருப்பதில்லை. ஆதலின் ஒவ்வொரு புதிய கெர்னலும் பழைய பகுதியைப் பயனற்றதாக்கிவிடக் கூடும். மூலம் கையிலிருந்தால் எவரேனும் திருத்திக்கொள்வர். இல்லாவிடில் கம்பெனியின் அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருப்பதே வழி.

இந்நிலையில் வி.பி.என்.சி. என்னும் சுதந்திர நிரல் தோன்றியது. இது கெர்னலினுள் நுழையாமல், சாதாரண நிரல்கள் இயங்கும் புறப்பகுதியிலேயே இயங்குவது. லினக்ஸில் ‘டன்’ எனப்படும் பாவனை வலைச்சாதனம் ஒன்று உண்டு. கெர்னல் பொட்டலங்களை அதன் வழியே ஒரு நிரலிடம் ஒப்படைக்கும். நிரல் அவற்றைக் குறியாக்கம் செய்து மீண்டும் வெளியே அனுப்பும். பொட்டலங்கள் இருமுறை எல்லையைக் கடப்பதால் வேகம் சற்றுக் குறையும். ஆயினும், கெர்னல் மாறினாலும் நிரல் பழுதுபடாது என்னும் ஆதாயம் அக்குறையை ஈடுசெய்தது.

சிஸ்கோ பின்னர் எனிகனெக்ட் என்னும் புதிய முறைக்கு மாறியது. இது பாதுகாப்பான வலைத்தள இணைப்பைப் போலவே தொடங்கி, பின்னர் டி.டி.எல்.எஸ். என்னும் விரைவு முறைக்கு மாறுவது. இதற்கும் லினக்ஸ் நிரல் தரப்பட்டது. எனினும் ஸ்மார்ட் கார்டில் உள்ள சான்றிதழை அது ஏற்கவில்லை, இன்டெல் வகையைத் தவிர வேறு செயலிகளில் இயங்கவில்லை, கணினியின் முழு அதிகாரத்துடனேயே இயங்க வேண்டுமென்றது, மூலமும் தரப்படவில்லை. இக்குறைகளைக் கண்ட டேவிட் வுட்ஹவுஸ் என்னும் பொறியாளர், ஓப்பன்கனெக்ட் என்ற சுதந்திர நிரலை எழுதத் தொடங்கினார்.

அவர் சந்தித்த சிக்கல் ஒன்று கவனிக்கத் தக்கது. டி.டி.எல்.எஸ். நெறிமுறை 2006 ஏப்ரலில் பொதுத் தரமாக வெளியாயிற்று. சிஸ்கோவின் சாதனங்களோ, அதற்கு முற்பட்ட வடிவம் ஒன்றையே பேசின. தரத்தை ஒழுங்காகப் பின்பற்றிய நிரல் அச்சாதனங்களுடன் பேச முடியாது போயிற்று. ஆதலின் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் பொதுக் குறியாக்க நூலகத்திலேயே அப்பழைய வடிவத்துக்குத் தனியே இடமளிக்க நேர்ந்தது. ஒரு கம்பெனியின் விலகல், உலகம் முழுவதும் உபயோகிக்கும் பொதுநிரலில் நிலையான சுமையாகப் பதிந்துவிட்டது.

ஓப்பன்கனெக்ட் இன்று சிஸ்கோ முறையுடன் நில்லாமல், ஜூனிப்பர், பால்ஸ், பாலோ ஆல்டோ, எஃப்5, ஃபோர்டிநெட், அர்ரே ஆகிய சாதனங்களின் முறைகளையும் பேசுகிறது. மறுபுறம், நிகோஸ் மாவ்ரோயன்னோபுலோஸ் என்பவர் 2013-இல் ஓசெர்வ் என்னும் சுதந்திரச் சேவையகத்தை வெளியிட்டார். அதனுடன் எனிகனெக்ட் நிரலும் இணையும்; ஓப்பன்கனெக்ட் நிரலும் இணையும். தனியுடைமையாகத் தொடங்கிய உடன்படிக்கை ஒன்று, இரு முனைகளிலும் சுதந்திர நிரல்களைப் பெற்று, நடைமுறையில் பொதுவாகிவிட்டது எனலாம்.

உரிமங்களுக்கிடையே பிணக்கு

தடை எப்பொழுதும் கம்பெனிகளிடமிருந்தே வருவதில்லை. மேலே கூறிய வி.பி.என்.சி. நிரல் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் எழுதப்பட்டது. சான்றிதழ்களைச் சோதிக்கும் வசதிக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் தேவைப்பட்டது. அந்நூலகத்தின் பழைய உரிமமோ, விளம்பரங்களில் தன் பெயரைக் குறிப்பிட வேண்டுமென ஒரு நிபந்தனை விதித்தது. கூடுதல் நிபந்தனை எதனையும் ஜி.பி.எல். ஏற்பதில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்து ஆக்கிய நிரலைப் பிறருக்கு வழங்குவது உரிம மீறலாகும் என்று கருதப்பட்டது.

வி.பி.என்.சி.யின் ஆசிரியர்கள் இதனை மறைக்கவில்லை. அவ்வசதியை இயக்கும் தேர்வுக்கு அவர்கள் சூட்டிய பெயரே ‘ஓப்பன்எஸ்எஸ்எல் ஜி.பி.எல். மீறல்’ என்பதாகும். தம் சொந்தக் கணினிக்காக அதனை ஒருவர் இயக்கிக்கொள்ளலாம். டெபியன் போன்ற தொகுப்புகள் அதனை இயக்கி விநியோகிக்க இயலாது. திறமையும் இருந்தது, மூலமும் இருந்தது; இரு உரிமங்கள் ஒத்துப் போகாமையால் மாத்திரம் வசதி பொதுமக்களைச் சென்றடையவில்லை. வேறு உரிமத்தின் கீழுள்ள க்னூடிஎல்எஸ் நூலகத்துக்கு மாற்றப்பட்ட பின்னரே இத்தடை நீங்கியது. ஓப்பன்கனெக்ட் நிரல் சற்றுத் தளர்வான எல்.ஜி.பி.எல். உரிமத்தைக் கொண்டிருப்பதால் இரு நூலகங்களுடனும் இணையக் கூடியதாயிருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகமும் 2021 செப்டம்பரில் வெளியான 3.0 பதிப்பிலிருந்து அப்பாச்சி உரிமத்துக்கு மாறியது. அதன் பின்னரும் ஜி.பி.எல். உரிமத்தின் மூன்றாம் பதிப்புடனேயே அது ஒத்துப் போகிறது. இரண்டாம் பதிப்புடன் அன்று.

சேவையகம் அனுப்பும் சோதனை நிரல்

நெறிமுறை முழுதும் அறியப்பட்ட பின்னரும் தீராத இடர் ஒன்றுண்டு. இணைப்பை நாடும் கணினியில் வைரஸ் தடுப்பு இருக்கிறதா, இயக்க முறைமை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று அறிய விரும்பும் அலுவலகங்கள் உண்டு. இதற்காக வாயிற் சாதனம் ஒரு சோதனை நிரலை ஊழியரின் கணினிக்கு அனுப்பி, அதனை அங்கே இயக்கச் சொல்கிறது. வருவது மூலமற்ற இயங்கு நிரல். அது என்ன செய்கிறது என்பதை ஊழியர் அறிய வழியில்லை. பெரும்பாலும் குறிப்பிட்ட செயலிகளுக்கு மாத்திரமே அது கிடைக்கும்.

அலுவலகத்தின் கோரிக்கை நியாயமானதே. பழுதுபட்ட கணினி ஒன்று உள்ளே நுழைந்தால் வலை முழுவதும் கெடும். ஆயினும் சோதனையின் விடையைத் தருவது ஊழியரின் கணினியே ஆதலின், பொய் விடை தரும் நிரலை எழுதுவதும் இயலாததன்று. எனவே இம்முறை நேர்மையானவருக்குச் சிரமத்தையும், நேர்மையற்றவருக்குச் சிறு தடையையும் மட்டுமே தருகிறது என்று குறை கூறப்படுகிறது. ஓப்பன்கனெக்ட் இந்நிரலைத் தானாக இயக்க மறுக்கிறது. பயனர் இசைந்தால், அதிகாரம் குறைந்த வேறொரு கணக்கின் பெயரில் அதனை இயக்க வழி செய்கிறது.

ஒயர்கார்டு: புதிய தொடக்கம்

ஜேஸன் டோனன்ஃபெல்டு வகுத்த ஒயர்கார்டு நெறிமுறை வேறு பாதையில் சென்றது. 2017-இல் அதன் விவரம் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிடப்பட்டது. பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் அதனைக் கணித முறையால் சோதித்தனர். நிரலின் அளவு ஏறக்குறைய 4,000 வரிகளே. ஒரு வல்லுநர் உட்கார்ந்து முழுதும் படித்துவிடக் கூடிய அளவு அது. 2020 மார்ச்சில் வெளியான 5.6 என்னும் லினக்ஸ் கெர்னலில் அது இடம் பெற்றது.

ஆனால் இங்கேயும் உரிமம் தன் வேலையைக் காட்டியது. லினக்ஸுக்கென எழுதப்பட்ட நிரல் ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பின் கீழ் உள்ளதால் பி.எஸ்.டி. கெர்னல்கள் அதனைச் சேர்த்துக்கொள்ள இயலவில்லை. தடை நிரலுக்கே அன்றி நெறிமுறைக்கு இல்லை. ஆதலின் ஓப்பன் பி.எஸ்.டி.க்காகத் தனியே எழுதப்பட்ட நிரல், தளர்வான உரிமத்துடன் 2020 அக்டோபரில் 6.8 பதிப்பில் வெளியாயிற்று. ஃப்ரீ பி.எஸ்.டி.யில் முதலில் சேர்க்கப்பட்ட நிரல், தரம் பற்றிய கவலையால் 13.0 பதிப்பு வெளிவருமுன் 2021 மார்ச்சில் நீக்கப்பட்டது; செம்மை செய்யப்பட்ட நிரல் 2023 ஏப்ரலில் 13.2 பதிப்பில் இடம் பெற்றது. மூலம் திறந்திருந்தமையாலேயே குறைகள் வெளியீட்டுக்கு முன் கண்டறியப்பட்டன என்பது நினைவில் கொள்ளத் தக்கது.

ஒயர்கார்டு எல்லாவற்றுக்கும் மாற்றாகாது. பயனர் பெயர், கடவுச்சொல், கைப்பேசிக்கு வரும் எண் ஆகியவற்றால் ஆளை அறியும் ஏற்பாடு அதில் இல்லை. சாவிகளைப் பகிர்ந்தளிக்கும் வேலையையும் அது பிறருக்கே விட்டுவிடுகிறது. அவ்வேற்பாடுகளை அதன் மேல் கட்டி விற்கும் கம்பெனிகள் உள. அடித்தளம் பொதுவாகவும், மேற்கட்டடம் தனியுடைமையாகவும் அமைவதை இன்று பல இடங்களில் காணலாம்.

சட்டமும் அரசாங்கக் கொள்கையும்

ரகசிய நெறிமுறையை வெளியார் ஆராய்ந்தறிவது சட்டப்படி முறையா என்னும் வினா எழுவது இயல்பு. ஐரோப்பியச் சமூகம் 1991-இல் பிறப்பித்த கட்டளை, இரு நிரல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு வேண்டிய தகவலைப் பெறும் பொருட்டு நிரலைப் பிரித்தாராய்வதைச் சில வரம்புகளுடன் அனுமதித்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவிலும் இதையொத்த விதி உண்டு. நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர், தனியே ஆக்கப்பட்ட வேறொரு நிரல் அதனுடன் இணைந்து இயங்குவதற்கு இன்றியமையாத தகவலைப் பெறுவதற்காகச் செய்யும் செயல் மீறலாகாது. ஆனால் அத்தகவல் வேறு வழியில் எளிதிற் கிடைக்காததாயிருத்தல் வேண்டும். காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, கணினி நிரலைத் தன்னளவில் கண்டுபிடிப்பாகக் கருதலாகாது என்றும் கூறுகிறது.

கம்பெனியே விவரங்களை அளிக்கும்படி செய்ததும் உண்டு. ஐரோப்பியக் கமிஷன் 2004-இல் மைக்ரோஸாஃப்ட்டுக்கு எதிராக அளித்த முடிவை 2007 செப்டம்பரில் நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் விளைவாக, கோப்புகளைப் பகிரும் ஸம்பா என்னும் சுதந்திர நிரலின் ஆசிரியர்கள், 2007 டிசம்பரில் ஒரே தவணையாக 10,000 யூரோ செலுத்திய ஏற்பாட்டின் மூலம் நெறிமுறை ஏடுகளைப் பெற்றனர். ஏடுகளை வெளியிடலாகாது, ஆனால் அவற்றைக் கொண்டு எழுதும் மூலநிரலைத் தடையின்றி வெளியிடலாம் என்பது ஒப்பந்தம். பிரதிக்கு இவ்வளவு என்றில்லாமல் ஒரே தொகையாக அமைந்தமையாலேயே சுதந்திர நிரலுக்கு அது பொருந்தியது.

இந்திய அரசாங்கம் 2010-இல் வெளியிட்ட மின்னாளுகைத் திறந்த தரக் கொள்கையும், 2015-இல் வெளியிட்ட திறந்த மூல மென்பொருட் கொள்கையும் இத்திசையிலேயே அமைந்தவை. ஸி-டாக் ஸ்தாபனம் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் தொகுப்பு டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அத்தகைய தொகுப்பை மேஜைக் கணினிகளில் நிறுவும் அலுவலகம் ஒன்று, வாயிலில் வைக்கும் சாதனம் தனியுடைமை நிரலையே வேண்டுவதாயிருந்தால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்துக்கொண்டதாகும்.

ஆகவே வாயிற் சாதனத்தை வாங்கும் சமயத்திலேயே சில வினாக்கள் எழுப்பப்பட வேண்டும். நெறிமுறையின் விவரம் பிரசுரமாகியிருக்கிறதா? கட்டணமின்றி அதனை எவரும் செயற்படுத்தலாமா? கம்பெனியின் நிரலன்றி வேறொரு திறந்த மூல நிரல் அதனுடன் இணைவது சோதித்துப் பார்க்கப்பட்டதா? எந்தெந்தச் செயலிகளில் அது இயங்கும்? கம்பெனி ஆதரவை நிறுத்திய பின் என்ன செய்வது? டெண்டர் விதிகளில் இவ்வைந்து வினாக்களுக்கு ஒரு பக்கம் போதும். அவை கேட்கப்படாவிடில், அலுவலகத்தின் ஒவ்வொரு ஊழியரும் எந்தக் கணினியை, எந்த இயக்க முறைமையைப் பயன்படுத்தலாம் என்பதை, அடுத்த பல ஆண்டுகளுக்கு அச்சாதனத்தின் விற்பனையாளரே தீர்மானித்துக்கொண்டிருப்பார்.